நோர்மண்டி விறகு

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் என் கணவர் என்னைப் பேச விடமாட்டார். "இவ விறகுகாலையில வேலை செய்யிறா" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். லண்டனில் ஏது விறகு விற்கிற இடம் என்று ஒருவராவது யோசித்தால்தானே? கோயிலில் சொன்னார், கலியாண வீடுகளில் சொன்னார். ரெய்னர்ஸ் லேனில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த, தூரத்துச் சொந்தமான அக்காவிடமும் சொன்னார். அந்த அக்காவிடம் சொன்னால் எங்கள் ஹரோப் பகுதி முழுவதற்கும் சொன்ன மாதிரி. கொஞ்ச நாளில் முன்பின் தெரியாத பெண்கள்கூட, "விறகுகாலை அக்கா நீங்கள்தானே?" என்று வந்து சுகம் விசாரித்தார்கள்.

அது விறகுகாலை இல்லை. தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, வசதியானவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற ஒரு தெருவில் இருந்த கடை. பிரான்சின் நாட்டுப்புறத்தில் கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவித்த தளபாடங்களை அங்கே விற்றோம். நீள மேசைகள், நாலைந்து பேர் சேர்ந்து இருக்கிற வாங்குகள், பாண் மா பிசைகிற மரத்தொட்டிகள், ஆளுயரத்தை மிஞ்சிய அலுமாரிகள். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்ற நான் மழைக்கு அந்தக் கடைக்குள் ஒதுங்கினேன். முதலாளி அம்மா என்னைப் பார்த்து, "வேலை விஷயமாக வந்தீர்களா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். என்ன வேலை என்பதை அடுத்த நாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலாளி அம்மா நல்ல உயரம். அவரிடம் எப்போதும் தேன்மெழுகும் ஈர நாயும் கலந்த ஒரு வாசம். அடிக்கடி தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு கப்பலேறிப் பிரான்சுக்குப் போவார். திரும்பி வரும்போது வான் நிறையப் பழைய சாமான். அவற்றைத் தூசு தட்டுவதும், மெழுகு பூசித் துடைப்பதும், அவர் இல்லாத நேரத்தில் கடையைப் பார்ப்பதும் என் வேலை.

முதல் வெள்ளிக்கிழமையே ஒரு காரியம் செய்தேன். எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை கழுவித் துடைக்கிற நாள். கடையின் நடுவில் ஒரு நீள மேசை கிடந்தது. கறுத்து, எண்ணெய் இறங்கி, பார்க்கவே கை கூசும். முதலாளி அம்மா மத்தியானம் வெளியே போனதும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சலவைச் சோடாவைப் போட்டு, இரும்புப் பஞ்சால் முழங்கை நோகத் தேய்த்தேன். மேசை உரித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெள்ளையாக வந்தது. முதலாளி அம்மா வந்து பார்த்தார். ஒரு கதிரையில் உட்கார்ந்தார், எழும்பினார், மறுபடி உட்கார்ந்தார்.

"அது இருநூறு வருஷத்துப் படிவு" என்றார், அடங்கிய குரலில்.

"ஓம் மேடம். அவ்வளவும் போய்விட்டது" என்றேன் நான், பெருமையாக.

அன்றே என்னை நிறுத்தியிருப்பார். ஆனால் அடுத்த நாள் ஒரு பெண் வந்து, இப்படி வெள்ளையாகத் தேய்த்த மேசையைத்தான் லண்டன் முழுக்கத் தேடித் திரிகிறேன் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். முதலாளி அம்மா மேசை இருந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் சலவைச் சோடா மட்டும் கடையிலிருந்து காணாமல் போயிற்று.

அங்கே வருகிறவர்களைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. கணவனும் மனைவியுமாக வருவார்கள். முதலில் மேசையைத் தடவுவார்கள், பிறகு இழுப்பறையைத் திறந்து மணந்து பார்ப்பார்கள். ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டி, "இது சூப் சட்டி வைத்த தழும்பு" என்று முதலாளி அம்மா சொன்னால், அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிடும். எங்கள் வீட்டு மேசையில் நான் கறிச்சட்டியை வைத்துத் தழும்பு வந்தபோது மாமி, என் கணவரின் தாய், ஒரு கிழமை என்னை ஏசினார். வண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தால் இவர்களுக்கு இன்னும் சந்தோஷம். அந்த மேசையில் சாப்பிட்ட கமக்காரன் நேரே வாசலில் வந்து நின்றால் பின்பக்கத்தால் வரச் சொல்லுவார்கள். அவனுடைய மேசைக்கு மட்டும் நடு ஹோலில் இடம்.

இப்படியெல்லாம் மனதுக்குள் சிரித்தேனே தவிர, எனக்கும் அந்தப் பைத்தியம் மெல்ல மெல்லத் தொற்றிக்கொண்டது. மெழுகு பூசுகிறபோது கைக்குத் தெரிந்துவிடும், எந்த இடத்தை எத்தனை கைகள் தொட்டிருக்கின்றன என்று. கதவின் ஓரம், இழுப்பறையின் பிடி, வாங்கின் நுனி எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். தேய்ந்த இடம்தான் அதிகம் மினுங்கும். மனிதருக்கு அப்படி நடப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

வீட்டில் இதைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் எல்லாமே புதிது. வெள்ளைத் தகடு ஒட்டிய அலுமாரிகள், கண்ணாடி ஷோகேஸ், அதற்குள் பொம்மைகள். செற்றிக்குக் கடைக்காரன் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறையை நாங்கள் கழற்றவே இல்லை. கோடையில் அதில் உட்கார்ந்து எழும்பினால் தோலும் கூடவே எழும்பும். என் கணவருக்கு ஒரு சட்டம் இருந்தது: பிறர் பாவித்த சாமான் வாசல் தாண்டக் கூடாது. அதற்குக் காரணமும் இருந்தது. அவர் எனக்கு முன்பே லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவில் ஒரு அறையில் சிநேகிதர்களோடு இருந்தவர். "ஆரோ ஒருத்தன் படுத்துப் படுத்துக் குழி விழுந்த மெத்தையிலதான் நான் படுத்தனான்" என்பார். "அந்தக் குழி என்ர உடம்புக்குப் பொருந்தவே இல்லை. அண்டைக்கு நினைச்சனான், என்ர வீடு எண்டு ஒண்டு வந்தால் எல்லாம் புதுசு." இதை அவர் சொல்லும்போது நான் பகிடி பண்ணியதில்லை. விறகுகாலை என்று என்னைப் பகிடி பண்ணுகிற உரிமையையும் அதனால்தான் அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தேன்.

பிறகு அந்த அலுமாரி கடைக்கு வந்தது.

நோர்மண்டியிலிருந்து வந்த ஓக் மர அலுமாரி, இரட்டைக் கதவு. உச்சியில் இருந்த முடிப் பலகையிலே ஒரு பூக்கூடை செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு புறாக்கள் அலகோடு அலகு வைத்துக்கொண்டிருந்தன. அலுமாரியின் கால் ஒன்றை மட்டும் ஏதோ ஒரு நாய் கடித்திருந்தது. முதலாளி அம்மா அதன் கதையைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் பேசினால் தகப்பன் தச்சனைக் கூப்பிட்டு இப்படி ஒரு அலுமாரி செய்விப்பானாம். பெண் அதற்குள் துணிமணிகளை அடுக்கி, வண்டியில் ஏற்றி, புருஷன் வீட்டுக்குக் கொண்டு போவாளாம். அவர் சொல்லி முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. "இதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது, சீதனம்" என்றேன். மிச்சத்தை நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

அதற்குள்ளே ஒரு அதிசயம் இருந்தது. முழு அலுமாரியிலும் ஒரு இரும்பாணி கிடையாது. மூலைகளில் விரலளவு மர ஆணிகள். அவற்றைத் தட்டி இழுத்தால், அவ்வளவு பெரிய அலுமாரி முடி, கதவு, பக்கப் பலகை என்று தனித்தனியாகக் கழன்று கிடக்கும். வேண்டிய இடத்தில் திரும்பப் பூட்டலாம். வண்டியில் ஏற வேண்டும் என்பதற்காகவே தச்சன் அப்படிச் செய்திருந்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னுடைய சீதனம் ஒரு வீடு. யாழ்ப்பாணத்தில் நிற்கிறது, அல்லது நிற்கவில்லை. அந்த நாட்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வீட்டைக் கழற்றி வானில் ஏற்ற முடியாது. அந்த அலுமாரி எனக்கு வேண்டும் என்று ஆசை வந்தது அப்போதுதான். லண்டனில் நானாகப் பார்த்து நானாக ஆசைப்பட்ட முதல் பொருள் அது. மற்றதெல்லாம் அவர் பார்த்தது, மாமி சொன்னது, கடைக்காரன் தள்ளியது.

நல்ல வேளையாக ஒருவரும் அதை வாங்கவில்லை. லண்டன் வீடுகளின் கூரை அதற்கு உயரம் போதாது. வருகிறவர்கள் தடவுவார்கள், அளப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், போய்விடுவார்கள். தொண்ணூறுகள் பிறந்து வியாபாரம் படுத்தபோது முதலாளி அம்மா கடையை மூடிவிட்டுப் பிரான்சிலேயே போய் இருக்க முடிவெடுத்தார். கடைசி நாட்களில் ஒரு காலை, "இதை நீ எடுத்துக்கொள். இதோடு பேசுகிறவள் நீ ஒருத்திதான்" என்றார். நான் அதோடு பேசுவது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

கணவர் ஷிப்டில் இருந்த, மாமி கோயிலுக்குப் போயிருந்த ஒரு பகலில் அலுமாரி பலகை பலகையாக எங்கள் ஹோலுக்குள் வந்தது. முதலாளி அம்மாவும் வான் சாரதியும் நானுமாகப் பூட்டி முடித்தோம். கூரைக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் புகும். ஷோகேஸுக்குப் பக்கத்தில் அது நின்ற நிற்பைப் பார்த்தால், ஷோகேஸ்தான் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பது போல இருந்தது.

வெட்கம் அதற்கு மட்டும்தான். கணவர் வந்து கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"உதென்ன, சவப்பெட்டியை நிமித்தி வைச்சிருக்கிறீர்?"

மாமி வந்து, "ஆற்ற வீட்டில ஆர் செத்து வந்த சாமானோ" என்று சொல்லி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கணவரின் தங்கை, என் மச்சாள், வேலையால் வந்து மூக்கைப் பொத்தினாள். அவள் லண்டனில் வளர்ந்தவள். "அண்ணி, இது குதிரை மணக்குது. சீரியஸ்லி."

"குதிரையை நீ எப்ப மணந்து பார்த்தனி?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அடுத்த கிழமை கணவர் டோர்ச் லைட்டை அடித்து வண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். கடைக்குப் போய்ப் பூச்சி மருந்து வாங்கி வந்து ஒரு டின் முழுவதையும் அடித்தார். நாங்கள் எல்லோரும் மாரிகாலத்தில் யன்னலைத் திறந்துவைத்து, மேல்கோட்டோடு இருந்து ரிவி பார்த்தோம். "அந்த வண்டு செத்துக் கனகாலம். நீங்கள் கொல்லப் பார்த்தது எங்களைத்தான்" என்றேன். அவர் இருமிக்கொண்டே யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

இப்படி இழுபட்டுக்கொண்டிருந்தபோது மச்சாளின் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீடு கிங்ஸ்பரியில். பெடியனும் இவளும் பல்கலைக்கழகத்திலேயே தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். அது இரண்டு வீட்டாருக்கும் தெரியும். ஆனாலும் பெரியவர்கள் பார்த்துப் பேசிச் செய்கிற சம்பந்தம் மாதிரி எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்பதில் இரண்டு வீட்டாரும் ஒற்றுமையாக இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"அதுக்கு முதல் உது வெளியில போகவேணும்" என்றார் கணவர். "உளுத்த அலுமாரியைக் கண்டால் நாங்கள் நொடிச்சுப் போனம் எண்டெல்லோ நினைப்பினம். கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன். வெள்ளிக்கிழமை வந்து எடுப்பாங்கள்."

கவுன்சில்காரர் எடுத்தால் நேரே குப்பைமேட்டுக்குத்தான். அவரோடு கத்திப் பிரயோசனமில்லை. நேரே மாமியிடம் போனேன். மாமி குசினியில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்த அலுமாரி செத்த வீட்டுச் சாமான் இல்லை. கலியாண வீட்டுச் சாமான்."

"ஆற்ற கலியாணம்?"

"ஒரு கமக்காரன் தன்ர மகளுக்குச் செய்வித்த சீதனம். அதில ரெண்டு புறாவைப் பாத்தனீங்களே? அது மாப்பிள்ளையும் பொம்பிளையும்."

மாமியின் கை நின்றது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஹோலுக்குப் போனார். அலுமாரியை முதன்முறையாகக் கிட்ட நின்று பார்த்தார். புறாக்களைத் தொட எட்டாமல் பூக்கூடையின் கீழ்விளிம்பைத் தொட்டார்.

"சீதனமெண்டு முதலே சொல்லியிருக்கலாமெல்லே, பிள்ளை?" என்றார். "நல்ல தேப்பன். மரம் ஒண்டிலயும் ஏமாத்தேல்லை."

அதோடு எல்லாம் மாறிவிட்டது. மாமி தன் கூறைச்சேலையையும் மற்றப் பட்டுச்சேலைகளையும் கொண்டுவந்து அதற்குள் அடுக்கினார், பூச்சி உருண்டை போட்டார், கதவைப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகினார். வெள்ளிக்கிழமை கவுன்சில்காரர் வந்தபோது வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து, "நோ, நோ. குட் கபேர்ட். மை கபேர்ட்" என்று அனுப்பிவைத்தார். 'மை கபேர்ட்' என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் செற்றியில் உட்காராமல் அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். அவர் ஒரு டாக்குத்தருடைய சேர்ஜரியில் வேலை செய்தவர். டாக்குத்தர் வீட்டில் இப்படி ஒன்றைக் கண்டிருக்கிறாராம்.

"இது பிரெஞ்சுச் சாமானெல்லே? இங்கத்தைப் பெரிய ஆக்கள் உயிரை விடுவினம்" என்றார்.

மாமிக்கு அது போதுமாயிற்று. நான் சொன்ன கதையை எடுத்து, என்னைவிட நன்றாகச் சொன்னார். கமக்காரன், தச்சன், வண்டி, புறாக்கள் எல்லாம் வந்தன. நான் சொல்லாத ஒரு தேவாலயமும் வந்தது. "இது சீதனத்துக்கெண்டே செய்த அலுமாரி" என்று முடித்தார்.

"அப்ப இது ஆருக்கு?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

நான் வடைத் தட்டோடு குசினி வாசலில் நிற்கிறேன். கலியாணத்துக்கு நிற்கிற பெண் உள்ள வீட்டில், சீதன அலுமாரி என்று வாயால் சொல்லியாயிற்று. 'ஒருவருக்கும் இல்லை, என் மருமகள் பார்க்க ஆசைப்பட்டு வைத்திருக்கிறாள்' என்று மாமி சொல்லுவாரா?

"வேற ஆருக்கு? எங்கட பிள்ளைக்குத்தான்" என்றார் மாமி.

வடை தட்டில் இருந்தபடியே குளிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணைப் பெற்றவள் ஒன்றைச் சீதனம் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். பிறகு இல்லை என்றால் பொருள் போகாது, மரியாதை போகும். சில நேரம் மாப்பிள்ளையும் போவான். அவர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் எதிர்வீட்டு அக்காவுக்கு நிச்சயம் கேட்டிருக்கும். "அது என்ர அலுமாரி! என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?" என்றேன். மாமி, "நீதானே பிள்ளை சீதனமெண்டு சொன்னனி? நான் என்ன பொய்யே சொன்னனான்?" என்றார். கணவருக்கு வாயெல்லாம் பல். தங்கைக்குச் சீதனமும் ஆயிற்று, உளுத்த அலுமாரியும் வெளியேறுகிறது. "பேசாமல் விடும். உமக்குப் புதுசு ஒண்டு வாங்கித் தாறன், கண்ணாடிக் கதவு வைச்சது" என்றார். நான் அவரோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

மச்சாள்தான் என் அறைக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"அண்ணி, ப்ளீஸ். எனக்கு அது பிடிக்கவே இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனா அவரின்ர அம்மா எல்லாருக்கும் சொல்லிட்டா. இப்ப இல்லையெண்டால் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொல்லுவா. நான் அங்க போய் இருக்கவேணும், அண்ணி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருப்பேன்.

கலியாணம் முடிந்து அலுமாரி எடுக்கிற நாளும் வந்தது. கிங்ஸ்பரியிலிருந்து ஒரு வானும் மாப்பிள்ளையின் சிநேகிதப் பெடியங்களும் வந்தார்கள். தள்ளினார்கள், சரித்தார்கள், கதவை அளந்தார்கள். ஹோல் கதவால் அது போகிற மாதிரி இல்லை. "அப்ப எப்பிடி உள்ளுக்கு வந்தது?" என்று ஒருவன் கேட்டான். "யன்னலைக் கழட்டித்தான் கொண்டந்திருப்பினம்" என்றார் மாமி. கணவரும் தலையாட்டினார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் தேத்தண்ணீர்த் தட்டோடு பேசாமல் நின்றேன்.

பேசாமல் நின்றால் போதும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெளியே போக முடியாத அலுமாரியை யார் கொண்டு போவது? அது என் ஹோலிலேயே நிற்கும், ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அப்போது கணவர் பின்பக்கம் போய் மரம் அரிகிற வாளோடு வந்தார்.

"மேல் முடியை அரிஞ்சு எடுப்பம். பிறகு ஒட்டலாம்."

புறாக்களுக்கு நேரே வாளைப் பிடித்துக்கொண்டு கதிரையில் ஏறினார். மச்சாள் அலுமாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "இறங்குங்கோ" என்றேன். கன நாளைக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை. சுத்தியலின் மரப்பிடியால் உள்பக்கம் தட்டி, மர ஆணிகளை ஒவ்வொன்றாக இழுத்து அவர் கையில் கொடுத்தேன். முடி வந்தது, கதவுகள் வந்தன, பக்கங்கள் வந்தன. தேத்தண்ணீர் ஆற முதல் அலுமாரி பலகைகளாகச் சுவரில் சாய்ந்து நின்றது.

"உது உப்பிடிக் கழருமெண்டு ஏன் சொல்லேல்லை?" என்றார் கணவர்.

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் கையிலிருந்த ஆணிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒரு இரும்பாணியும் இல்லையோ?" என்று கேட்டார். நான் கதவொன்றின் தூசைத் துடைத்தேன்.

மாமி ஒவ்வொரு பலகைக்கும் சந்தனப்பொட்டு வைத்தார். வான் சில்லுக்குத் தேசிக்காய் வைத்து நசித்து, தெருவே பார்க்க அனுப்பிவைத்தார். எதிர்வீட்டு அக்கா படலையடிக்கே வந்து நின்று பார்த்தார். "சீதன அலுமாரி போகுது" என்று மாமி அவருக்கு உரத்துச் சொன்னார்.

கிங்ஸ்பரியில் அதைப் பூட்டிக் கொடுத்ததும் நான்தான். பிறகு போகிற நேரமெல்லாம் கைப்பைக்குள் ஒரு மெழுகுத் துண்டு போகும். மாப்பிள்ளையின் தாய் அதற்குள் அரிசி மூட்டையும் வக்குவம் கிளீனரும் வைத்திருந்தார். நான் கதவை மட்டும் துடைத்துவிட்டு வருவேன். எங்கள் ஹோலில் அது நின்ற இடத்தில் கணவர் வாங்கிய கண்ணாடிக் கதவு அலுமாரி நின்றது. அதன் ஒரு கதவு அடுத்த வருஷமே கழன்றது. கழன்ற கதவைச் சுவரில் சாத்தி அவர் கண்ணில் படும்படி வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மச்சாளுக்கும் புருஷனுக்கும் ரொறன்ரோவில் வேலை கிடைத்தது. மாப்பிள்ளையின் தாயும் கூடவே போகிறார். மச்சாள் போன் எடுத்தாள். "அண்ணி, உங்கட அலுமாரியை வந்து எடுங்கோ. இல்லாட்டி இவை டம்ப்புக்குத்தான் கொண்டுபோகினம்."

உங்கட அலுமாரி என்றாள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமி நிற்கிறார்.

"வேண்டாம், பிள்ளை."

"ஏன் மாமி?"

"சீதனம் திரும்பி வந்தால் என்ன அர்த்தம்? பெட்டை வாழாவெட்டியா வந்திட்டாள் எண்டெல்லோ எதிர்வீட்டுக்காரி ஊதுவாள்."

"அவள் சந்தோஷமாக் கனடாவுக்குப் போறாள் மாமி!"

"அலுமாரி அதைச் சொல்லிக்கொண்டோ வானால இறங்கும்?"

பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். மகளின் பெயர் என்று வந்துவிட்டால் மாமி அசைய மாட்டார், அதில் பிழையும் சொல்ல முடியாது. எதிர்வீட்டு அக்காவின் வாய் அப்படி. பின்னேரம் குசினியில் வெங்காயம் இல்லாமலே அழுதேன். அற்ப அலுமாரிக்கு அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டாம் தடவையும் ஒரு சீதனத்தை விட்டுவிட்டு வருகிற மாதிரியும் இருந்தது. கணவர் தண்ணீர் குடிக்க வந்தவர், என்னைப் பார்த்தார். குடிக்காமலே கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை அவர் காலையிலேயே வெளிக்கிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. அவர் பின்கதவைத் திறந்து ஒரு பலகையை இழுத்தார். எனக்கு அந்தப் பலகையைத் தெரியும். பொட்டு வைத்த இடத்தில் சந்தனக்கறை கூட இருந்தது. மாமி என் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

எதிர்வீட்டு அக்கா ஏற்கெனவே படலைக்கு வந்துவிட்டார்.

"என்ன தம்பி, பலகையள்?"

"விறகு, அக்கா" என்றார் என் கணவர். "இவ வேலை செய்த விறகுகாலையில மிச்சம் கிடந்தது."

அக்கா தலையாட்டினார். பின்னே? அவரே வருஷக்கணக்காக ஊருக்குச் சொன்ன விஷயம்தானே. ஆனாலும் லேசில் விடுகிறவரா?

"உங்கட வீட்டில காஸ் அடுப்பல்லோ, தம்பி? விறகு என்னத்துக்கு?"

கணவர் அப்போது முடிப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். செதுக்கிய பக்கத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்து, புறாக்கள் தெருவுக்குத் தெரியாமல் கட்டிப் பிடித்திருந்தார். பாரத்தில் முகம் சிவந்திருந்தது. பிறர் பாவித்த சாமான் தொடாத மனுஷன்.

"இவவுக்கு வேணும், அக்கா" என்றார். "வேற என்ன?"

என்னைத் தள்ளிக்கொண்டு மாமி வாசலுக்கு வந்தார். இடுப்புத் திறப்புகளைச் சரிபண்ணிக்கொண்டு தெருவுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"தம்பி, நிண்டு கதையாமல் கெதியா உள்ளுக்குக் கொண்டு வா. விறகு நனையப்போகுது!"

அன்றைக்கு லண்டனில் நல்ல வெயில்.